பத்துக்குப் பதில் ஏழு

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குப் பஹ்மியாவின் போன் அடித்தது. பாணைப் பிய்த்துச் சம்பலில் வைத்த கையை அப்படியே விட்டு, இடது கையால் எடுத்தாள்.

“தங்கச்சி, சிவப்பு எரியுது. உடனே வா.” மீனவர் சங்கச் செயலாளர் றிஸ்வியின் குரல்.

“யார்ட போட், நானா?”

“ஜவ்பர்ட. முப்பத்தோராம் நம்பர். கூட அலியார் காக்கா. ஆறு மணிக்கு முன்னமே அமத்தியிருக்காங்க.”

“ஆக்கள் தேடிப் போகல்லையா?”

“மூணு போட் போய் நிக்குது. அதுதான் பிரச்சினை. புள்ளி காட்டுற இடத்தில ஒண்டும் இல்லையாம்.”

பாண் தட்டிலேயே கிடந்தது. பஹ்மியா மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

கிண்ணியா இறங்குதுறைக்குப் பக்கத்தில் சங்கத்துக்கு ஓர் அறை இருக்கிறது. சுவரில் பெரிய திரை, முன்னால் நாலு பிளாஸ்டிக் கதிரைகள். சங்கத்தின் முப்பத்தெட்டுப் போட்டுகளிலும் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் பெட்டி பொருத்தியிருக்கும். சாப்பாட்டுப் பெட்டியளவு. போட் எங்கே நிற்கிறது என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது திரைக்கு அனுப்பும். ஆபத்தென்றால் அதிலுள்ள சிவப்புப் பொத்தானை அமத்த வேண்டும். பெட்டிக்கான மென்பொருளை எழுதியது திருகோணமலை நகரில் உள்துறைமுக வீதியிலுள்ள ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு சின்னக் கம்பனி. அந்த ஐவரில் பஹ்மியா ஒருத்தி. கிண்ணியாப் பெட்டிகள் முழுவதும் அவள் பொறுப்பு.

அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவர் ஜெமீலா. அலியாரின் மனைவி. கதிரையின் நுனியில், மடியில் ஒரு சின்ன மாத்திரைப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

“சீனி வருத்த மாத்திரை. மேசையில மறந்து வச்சிட்டுப் போயிட்டார், புள்ள. வந்த உடனே குடுக்க வேணும்.”

“வந்திருவார் மாமி.”

றிஸ்வி திரையைக் காட்டினார். வெளிச்சவீட்டுக்கு அப்பால் இரண்டே மைலில் சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது.

“இவ்வளவு கிட்ட நிண்டா கண்ணுக்கே தெரியுமே. நம்மட ஆக்கள் சுத்திச் சுத்திப் பார்க்கிறாங்க. ஒரு மரத்துண்டுகூட இல்லை.” றிஸ்வி குரலைத் தாழ்த்தினார். “போட் கடலுக்குள்ள தாண்டு போச்சோ?”

தாழ்த்திய குரல் ஜெமீலாவுக்கும் கேட்டது.

“தாண்டா பெட்டி எப்படிப் பேசும்?” என்றார் அவர். “அதோட, இவ்வளவு கிட்ட நிண்டா அவர் போன் எடுத்திருப்பாரே. அந்த இடத்தில போன் வேலை செய்யும். எப்பவும் அதில வந்துதான் எனக்கு எடுப்பார், சோத்தைப் போடு எண்டு. ஏன் புள்ள எடுக்கல்ல?”

பஹ்மியா திரையை விரித்துப் பார்த்தாள். இரவுத் தொழிலுக்குப் போன மற்றப் போட்டுகளின் பச்சைப் புள்ளிகளும் தெரிந்தன. வழக்கமாக அவை அரிசி சிந்தியதுபோலக் கடலெங்கும் கிடக்கும். இன்று அப்படி இல்லை. வெளிச்சவீட்டுக்கு அப்பால் மேலிருந்து கீழாக ஒரு வரிசை. பன்னிரண்டு மைல் தள்ளி இன்னொரு வரிசை. நூல் பிடித்து நட்ட வேலிக்கட்டைகள்போல.

கடலில் ஒருவரும் இப்படி நிற்பதில்லை.

அவளுக்கு வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது.

*

கிண்ணியாவில் வெள்ளிக்கிழமை காலையில் சங்கத்தின் போட் ஒன்றும் கடலுக்குப் போகாது. ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு, பின்னேரம்தான் இறங்கும். முப்பத்தெட்டுப் போட்டும் அவற்றின் சொந்தக்காரரும் ஒரே இடத்தில் அகப்படுவது வாரத்தில் அந்தக் காலை மட்டும். ஆகவே பெட்டிகளுக்கு என்ன செய்வதென்றாலும் வெள்ளிக்கிழமைதான்.

அன்று புதிய மென்பொருள் ஏற்ற வேண்டியிருந்தது. பழையதில் சிவப்புப் பொத்தானை அமத்தினால் ஒருதடவைதான் செய்தி போகும். புதியதில் எட்டு மணித்தியாலம் விடாமல் போகும். ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தந்தப் போட்டின் நம்பரைக் கொடுத்துத் தனித்தனியாக மென்பொருளை உருவாக்க வேண்டும். மனிதர் எழுதியதைப் பெட்டிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும் கருவிக்குக் கம்பைலர் என்று பெயர். சங்கத்தின் பழைய மடிக்கணினியில் அது இருந்தது. பெட்டியோடு இணைக்கும் கேபிளும் அந்தக் கணினிக்கு மட்டும்தான் பொருந்தும்.

முதல் பெட்டியைக் கேபிளில் பூட்டியதுமே திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

‘கம்பைலர் பதிப்பு 10 அல்லது அதற்கு மேல் வேண்டும். இங்கே இருப்பது 7. நிறுத்தப்பட்டது.’

போன மாதம் இதே கணினியில் இப்படி ஒன்றும் வரவில்லை. பஹ்மியா கோப்பைத் திறந்து பார்த்தாள். கம்பைலரின் ஆகக் குறைந்த பதிப்பு எதுவாக இருக்க வேண்டும் என்று சொல்லும் வரியொன்று அதில் இருந்தது. போன மாதம் வரை அதில் ஏழு இருந்தது. இரண்டு நாளைக்கு முன்னர் கம்பனியின் தலைவி டிலக்ஷி கொழும்பிலிருந்து அதைப் பத்தாக மாற்றியிருந்தாள். ஏன் என்று எழுதவில்லை. ‘பதிப்பு மாற்றம்’ என்று மட்டும் குறிப்பு.

புதிய பதிப்பை இறக்கப் பார்த்தாள். இறங்குதுறையில் இணையம் நொண்டியது. நாற்பது நிமிடத்தில் கால்வாசி வந்து அறுந்தது. வந்திருந்தாலும் அந்தக் கிழட்டுக் கணினி அதை ஏற்றுக்கொண்டிருக்குமோ தெரியாது. டிலக்ஷிக்கு எடுத்தாள். போன் அடித்து ஓய்ந்தது. தாயின் கண் ஒப்பரேசனுக்காகக் கொழும்பில் நின்றாள்.

வெளியே முப்பத்தெட்டுப் பேர் வெயிலில்.

“என்ன புள்ள, பெட்டி நித்திரையா?”

“ஜும்ஆவுக்கு நேரமாகுது. இவட கம்பியூட்டர் இன்னும் கை கால் கழுவி வுளூ எடுத்து முடியல்ல.”

“நான் அப்பவே சொன்னன், கொழும்புக் கம்பனிக்குக் குடுங்க எண்டு.”

கடைசிச் சொல்தான் சுட்டது. வெளியூர்க் கம்பனி வேண்டாம், எங்கட ஊர்ப்புள்ள செய்வாள் என்று பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்று வாதாடியவர் றிஸ்வி. அவர் இப்போது கதவடியில் நின்று, ஒன்றும் கேட்காமல், மணிக்கூட்டைப் பார்த்தார்.

டிலக்ஷி அக்காவுக்கு எதிலும் புதுசு வேண்டும். தேங்காய் துருவவும் புதுப் பதிப்புக் கேட்பாள் என்று அலுவலகத்தில் பகிடி. போன வருடமும் வேறொரு கருவிக்கு இப்படித்தான் எண்ணை ஏற்றி வைத்தாள். பழையதே நன்றாக வேலை செய்தது.

பஹ்மியா 10 ஐ அழித்து 7 என்று அடித்தாள்.

சிவப்பு வரி மறைந்தது. கம்பைலர் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடி முடிந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி தன் இடத்தைத் திரைக்கு அனுப்பும்வரை பத்து நிமிடம் நின்று சரிபார்ப்பதுதான் முறை. முப்பத்தெட்டுக்குப் பத்து நிமிடம் எங்கே? பச்சை எரிந்தால் போதும் என்று விட்டாள். பாங்கு சொல்ல முன்னரே கடைசிப் பெட்டியும் முடிந்தது.

“பார்த்தீங்களாடா?” றிஸ்வி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். “எங்கட புள்ள.”

அன்று பின்னேரமே காற்று எழும்பியது. மூன்று நாள் போட் ஒன்றும் இறங்கவில்லை. பெட்டிகள் அணைந்து கிடந்தன. திங்கள் பின்னேரம்தான் எல்லாரும் போனார்கள்.

*

எட்டு மணி.

பஹ்மியா தன் மடிக்கணினியைத் திறந்து மென்பொருளைப் படித்தாள். ஐந்து நிமிடத்தில் கண்டுவிட்டாள். சிவப்புச் செய்தி எட்டு மணித்தியாலம் போக வேண்டுமென்றால் அது சின்னதாக இருக்க வேண்டும். அதனால் புதிய மென்பொருளில் டிலக்ஷி இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களையும் ஒன்றாக மடித்திருந்தாள். வடக்குத் தெற்குக் கணக்கு முன்னால், கிழக்கு மேற்குக் கணக்கு பின்னால், ஒரே நீண்ட எண். பத்தாம் பதிப்பில் அந்த எண் முழுதாக நிற்கும். ஏழாம் பதிப்பில் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை. வாலை வெட்டிவிட்டு, சரி என்று சொல்லிவிடும்.

வால்தான் கிழக்கு மேற்கு. அதன் கடைசி இலக்கங்கள் போனதால்தான் புள்ளிகள் பன்னிரண்டு மைலுக்கு ஒரு வரிசையில் நின்றன.

சொல்ல வேண்டும். இப்போதே, திரும்பி, றிஸ்வியிடம்.

திரும்பினாள். அவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். “நல்லாப் பாருடா! புள்ளி பொய் சொல்லாது! எங்கட புள்ள செய்த பெட்டி!”

பஹ்மியா மறுபடியும் மடிக்கணினிப் பக்கம் திரும்பினாள்.

நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே கேட்டாள். டிலக்ஷி அக்காவிடம் ஒருதரம் கேட்டுவிட்டால் போதும். எடுத்தாள். போன் நிறுத்தப்பட்டிருந்தது. இரவு பஸ்ஸில் வருகிறாள். சார்ஜ் போயிருக்கும்.

விரல்கள் தாமாகவே கோப்பைத் திறந்தன. 7 ஐ அழித்து 10 என்று அடித்தாள். சேமித்தாள். கம்பனியின் பொதுக் களஞ்சியத்துக்கும் அனுப்பினாள். ஏன் அதை முதலில் செய்தாள் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறாள். கடலில் நின்ற பெட்டிக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

“என்ன தங்கச்சி, ஏதும் தெரியுதா?” றிஸ்வி கேட்டார்.

“பார்த்துக்கொண்டிருக்கிறன், நானா.”

ஜெமீலா கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். “பாரு மகள். வடிவாப் பாரு. உனக்குத்தான் அது தெரியும்.”

ஒன்பதரைக்கு இன்னும் ஐந்து போட் போயின. எல்லாம் அதே புள்ளிக்கு. நேவியின் வேகப்படகு ஒன்றும் வந்து சேர்ந்தது. அதுவும் அதே புள்ளிக்கு. எட்டரைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். ஒன்பதுக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நேரம் போகப் போக ‘ஏன் முதலே சொல்லல்ல’ என்ற கேள்வியும் கூடவே வளர்ந்தது. எட்டு மணிக்குச் சொல்லியிருந்தால் ஒரு பிழைதான். இப்போது இரண்டு.

பத்து மணிக்கு டிலக்ஷி வந்தாள். பஸ்ஸால் இறங்கியதும் விஷயம் கேள்விப்பட்டு ஓட்டோ பிடித்து நேரே வந்திருந்தாள். தோளில் பயணப்பை, கசங்கிய சட்டை. ஒருவரோடும் கதைக்காமல் திரைக்கு முன்னால் நின்றாள். இரண்டு வரிசைகளையும் பார்த்தாள். பத்துச் செக்கன்கூட ஆகவில்லை.

“பஹ்மி, எந்தப் பதிப்பில பில்ட் பண்ணினது?”

“ஏழு,” என்றாள் பஹ்மியா. “நான் வரியை மாத்தினனான், அக்கா.”

டிலக்ஷியின் முகம் ஒருதரம் சுருங்கியது. பிறகு றிஸ்விப் பக்கம் திரும்பினாள்.

“புள்ளி பிழை. போட் அங்க இல்லை. வடக்குத் தெற்கு சரி, கிழக்கு மேற்குதான் வெட்டுப்பட்டிருக்கு. வெட்டினா எண் குறையுமே தவிர கூடாது. குறைஞ்சா புள்ளி கரைப்பக்கம் வரும். அதால போட் நிக்கிறது புள்ளிக்கு நேர் கிழக்கே. பன்னிரண்டு மைலுக்குள்ள. நேவிக்கும் சொல்லுங்கோ. வரிசையாப் பிரிஞ்சு நேர் கிழக்கே போகச் சொல்லுங்கோ. இப்பவே.”

றிஸ்வி சொன்னார். போனை வைத்தபின் பஹ்மியாவைப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை. அதைவிட மோசமான ஒன்று.

“எப்பக் கண்டுபிடிச்சாய்?”

“இப்பதான்,” என்றாள். “இப்பதான், நானா.”

பன்னிரண்டு மணி பத்துக்குக் கண்டுவிட்டார்கள். பதினொரு மைல் கிழக்கே. ஜவ்பர் கந்தல் துணியொன்றை ஆட்டிக்கொண்டு நின்றானாம். அலியார் போட்டின் அடியில் கிடந்தார். விடியற்காலையில் எஞ்சின் காற்றாடியில் வலை சிக்கியிருந்தது. அதை வெட்டி எடுக்க அவர் இறங்கியபோது அலையொன்று அடித்து எஞ்சின் திரும்ப, காற்றாடி அவர் காலைக் கீறிவிட்டது. ஜவ்பர் தான் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தான். ஆறு மணித்தியாலத்துக்கு மேல் அந்தக் கட்டோடு கிடந்திருக்கிறார்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

*

ஊருக்குக் கதை வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. பெட்டியில் ஏதோ பிழையாம். நேவிக்கே தெரியாத இடத்தை அந்தப் புள்ளைதான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சதாம். புதன்கிழமை காலை பஹ்மியா பஸ்ஸுக்கு நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து கையைப் பிடித்து, “அல்லாஹ் உனக்கு நல்லதைத் தருவான் மகள்,” என்றார். பஹ்மியா கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. பஸ் வந்தது.

அலுவலகத்தில் டிலக்ஷி தனியாக இருந்தாள். யன்னலுக்கு வெளியே உள்துறைமுகத்தில் கப்பலொன்று அசையாமல் நின்றது.

“றிஸ்வி ஐயாவுக்குக் கடிதம் அனுப்பிட்டன்,” என்றாள் டிலக்ஷி. “கம்பனியின்ர பிழை எண்டு. வெள்ளிக்கிழமை புதுக் கணினி கொண்டுபோறம். முப்பத்தெட்டையும் திருப்பி ஏத்திறம். ஒவ்வொண்டுக்கும் பத்து நிமிசம் நிண்டு பார்த்து. ஜும்ஆவுக்கு முடியாட்டி அடுத்த வெள்ளிக்கும் போறம். அதுவரைக்கும் பெட்டியை நம்பி ஒருத்தரும் இறங்க வேண்டாம் எண்டும் எழுதியிருக்கிறன்.”

“அது என்ட பிழை, அக்கா.”

“உன்ர மட்டுமில்லை.” டிலக்ஷி திரையைத் திருப்பிக் காட்டினாள். பதிப்பு எண் இருக்கும் அந்த வரி. இப்போது அதற்கு மேலே புதிதாக ஒரு வரி இருந்தது. ‘பத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். இறக்கினால் பெட்டி பிழையான இடத்தைச் சொல்லும். ஆட்கள் கடலில் நிற்கிறார்கள்.’

“இதை நான் போன கிழமையே எழுதியிருக்க வேணும். இருபது செக்கன் வேலை. ஆஸ்பத்திரி வாங்கில குந்தியிருந்துதான் மாத்தினனான். அம்மாவின்ர கண் கட்டு அவிழ்க்கப் போறம், வாங்கோ எண்டு கூப்பிட்டினம். நம்பரை மாத்தி அனுப்பிப்போட்டு எழும்பிப் போயிட்டன். காரணம் இல்லாத நம்பர் எண்டா யார் மதிக்கிறது? நானும் மாத்தியிருப்பன்.”

“நீங்க மாத்தியிருக்க மாட்டீங்க,” என்றாள் பஹ்மியா.

“தெரியாது.”

டிலக்ஷி அதே கோப்பின் வரலாற்றைத் திறந்தாள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஒரு வரி விடாமல் பதிந்து வைக்கும் பட்டியல் அது. பஹ்மியா தினமும் பார்க்கும் பட்டியல்தான். ஆனாலும் நேற்றுக் காலை அது அவளுக்கு நினைவில் வரவில்லை.

வெள்ளி, 10.05. பத்து ஏழானது. பஹ்மியா.

செவ்வாய், 8.14. ஏழு பத்தானது. பஹ்மியா.

“நான் வந்தது பத்து மணிக்கு,” என்றாள் டிலக்ஷி, திரையைப் பார்த்தபடியே.

பஹ்மியா கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏசுங்க, அக்கா.”

“ஏசி என்ன செய்ய? எட்டே காலுக்குச் சொல்லியிருந்தா பத்தரைக்கு முதல் கண்டிருப்பினம். உனக்கு நான் கணக்குச் சொல்லத் தேவையில்லை.”

“பயமா இருந்திச்சு.”

“தெரியும்.”

“நீங்க றிஸ்வி நானாட்டச் சொல்லப் போறீங்களா?”

“இல்லை. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.” டிலக்ஷி முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். “ஆனா அந்த வரியை அழிக்கவும் மாட்டன். அது அங்கதான் இருக்கும். நீ ஒவ்வொரு நாளும் அந்தக் கோப்பைத் திறக்கத்தான் போறாய்.”

*

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நோயாளர்களைப் பார்க்க விட்டார்கள். பஹ்மியா ஒரு பையில் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனாள். வார்ட்டுக்கு வெளியே நடைபாதையில் போட்டிருந்த நீள வாங்கில் ஜெமீலா இருந்தார். மூன்று நாளாக மாற்றாத உடுப்பு. இவளைக் கண்டதும் எழும்பி இரண்டு கையாலும் முகத்தைத் தடவினார்.

“வா மகள், வா. நித்திரைக்கு ஊசி போட்டிருக்காங்க. இப்ப எழும்பிருவார். இரு. தேத்தண்ணி இருக்கு.”

“வேணாம் மாமி.”

“குடி. நீ இல்லாட்டி நான் அவரை உசிரோட இல்ல, மையத்தாத்தான் பார்த்திருப்பன் எண்டு ஊரே கதைக்குது.” பிளாஸ்கின் மூடியைத் திருகினார்.

“மாமி, அதைக் கொஞ்சம் வையுங்க. ஒரு கதை சொல்ல இருக்கு.”

நின்றுகொண்டே சொன்னாள். இருந்துகொண்டு சொன்னால் நடுவில் நிறுத்திவிடுவாள் என்று பயம். எண்ணை மாற்றியதைச் சொன்னாள். அது ஜெமீலாவுக்கு ஏற்கெனவே தெரியும். அன்று அறையில் கேட்டிருந்தார். தலையை ஆட்டினார். பிழை எல்லாருக்கும் வரும் என்று அந்த ஆட்டம் சொன்னது. பிறகு பஹ்மியா எட்டு மணியைச் சொன்னாள்.

தலையாட்டம் நின்றது.

“பத்து மணிக்குத்தானே உனக்கு விளங்கின? றிஸ்வி அப்படித்தான் சொன்னான்.”

“அவருக்கு நான்தான் அப்படிச் சொன்னனான். பொய், மாமி. எட்டு மணிக்கே தெரியும்.”

“எட்டு மணிக்கு நான் உனக்குப் பக்கத்தில இருந்தன்.”

“ஓம்.”

“மாத்திரையைக் கையில வச்சிக்கொண்டு.”

“ஓம்.”

“கிட்ட நிண்டா போன் எடுத்திருப்பாரே எண்டு உன்னட்டத்தானே கேட்டன். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தன். உனக்குத்தான் தெரியும் எண்டு சொன்னன்.” குரல் உயரவில்லை. பிளாஸ்கை மெதுவாகத் திரும்ப மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. இரண்டாம் தரமும் திருகினார். “டொக்டர் என்னட்ட என்ன சொன்னார் தெரியுமா? பிந்தி வந்திட்டீங்க எண்டார். நான் கடலை ஏசினன். காற்றை ஏசினன். ஜவ்பரைக்கூட ஏசினன், ஏண்டா கிழவனைத் தண்ணியில இறக்கினாய் எண்டு. அவன் அழுதிட்டுப் போறான்.”

பஹ்மியா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

“போ எண்டுதான் வாய்க்கு வருது,” என்றார் ஜெமீலா.

அவள் பையை வாங்கில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“நில்லு.”

நின்றாள்.

“போகாத. எனக்குச் சொல்லிட்டு ஓடப் பார்க்கிறாய். போனது என்ட கால் இல்லை. அவர் எழும்பட்டும். அவருக்கு நீ சொல்லு. நான் சொல்ல மாட்டன்.”

இருவரும் உள்ளே போனார்கள். யன்னலோரக் கட்டில். போர்வை ஓரிடத்தில் சட்டென்று தாழ்ந்து தட்டையாகக் கிடந்தது. பஹ்மியா அதைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஜெமீலா கட்டிலின் மறுபக்கம் போய் நின்றார். பக்கத்துக் கட்டில்காரர்களின் சொந்தக்காரர் சோற்றுப் பார்சலைப் பிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அலியார் கண்ணைத் திறந்தபோது பன்னிரண்டே முக்கால்.

“யாரு? பெட்டிக்காரப் புள்ளையா?” காய்ந்த உதட்டில் சிரிப்பு வந்தது. “சிவப்பை நான்தான் அமத்தினன் புள்ள. ஜவ்பர் நடுங்கிப் போனான், நான் மௌத்தாகிருவன் எண்டு. நான் சொன்னன், பயப்படாதடா, பெட்டி சொல்லிரும், ஒரு மணித்தியாலத்தில வந்திருவாங்க எண்டு. பிறகு ரெண்டு எண்டன். பிறகு மூணு. கடைசியில அவன் கேட்கிறதை விட்டிட்டான்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “பெட்டி வேலை செய்ததுதானே?”

ஜெமீலா யன்னலைப் பார்த்தார்.

“இல்லை மாமா,” என்றாள் பஹ்மியா.

பார்க்க வந்தவர்கள் வெளியேறும்படி மணி அடித்தது. வாசலில் நின்ற தாதி கையைக் காட்டினாள். மற்றவர்கள் பார்சல்களை மடித்துக்கொண்டு எழும்பினார்கள்.

“ஒரு அஞ்சு நிமிசம் மிஸி,” என்றார் ஜெமீலா, திரும்பாமலே. “இந்தப் புள்ள இன்னும் சொல்லி முடியல்ல.”

பஹ்மியா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்கினாள்.